ஹிஞ்ச்லிஃப் ஸ்டேடியத்தை இடிக்காமல் விட்டது சரிதானா?

நியூ ஜெர்சியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கேட்டிருப்பது இதுதான்: "பேட்டர்சன் ஊரில் 25 வருடம் பூட்டிக் கிடந்த ஹிஞ்ச்லிஃப் என்ற பேஸ்பால் ஸ்டேடியத்தை, 10 கோடி டாலருக்கு மேல் போட்டுப் புதுப்பித்திருக்கிறார்கள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருந்தால் மிச்சம் ஆகியிருக்காதா? அவ்வளவு பணத்தை அந்த ஏழைப் பேட்டைக்கே நேராகக் கொடுத்திருக்கலாமே? ஒரு ஸ்டேடியத்தால் ஒரு பேட்டை நிமிர்ந்துவிடுமா?" கேள்வியில் கொஞ்சம் கோபம் தெரிகிறது. தப்பில்லை. ஆனால் அதற்குள் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன: அந்தக் கட்டடம் தேறுமா, காசு எந்தப் பையிலிருந்து வந்தது, அக்கம்பக்கத்து ஜனங்களுக்கு என்ன கிடைத்தது. மூன்றுக்கும் பதில் ஒரே மாதிரி இல்லை.

நான் 27 வருடமாகக் கான்கிரீட் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கும் சிவில் இன்ஜினியர். பாலம், மேல்நிலைத் தொட்டி, ஸ்டேடியம் கேலரி என்று கம்பி துருப்பிடித்த எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. மகள் நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில் இருப்பதால் அந்தப் பக்கம் போகும்போது பேட்டர்சனுக்கும் ஒரு நாள் போய்வந்தேன். முதல் கேள்வி என் தொழில். இரண்டாவது, இந்த மாதிரி வேலைகளில் உட்கார்ந்து உட்கார்ந்து கற்றுக்கொண்டது. மூன்றாவதில் நான் வெறும் வாசகன், பொருளாதாரம் படித்தவன் இல்லை. அந்த அளவுக்கே அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. பேட்டர்சன் 1791-இல் அலெக்சாண்டர் ஹாமில்டன் போட்ட திட்டத்தில் பிறந்த தொழில் நகரம். பசேயிக் ஆறு அங்கே 77 அடி ஆழத்துக்கு விழுகிறது. அந்தத் தண்ணீரின் வேகத்தை வாய்க்கால் வெட்டி ஆலைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிட்டார்கள். பஞ்சு, ரயில் இன்ஜின், கோல்ட் கம்பெனித் துப்பாக்கி, கடைசியில் பட்டு. 'பட்டு நகரம்' என்றே பெயர் நின்றுவிட்டது. 1913-இல் பட்டு நெசவாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டு மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்ததும் அங்கேதான். ஆலைகள் போன பிறகு அந்த ஊர் என்ன ஆகியிருக்கும் என்பதை, மில் மூடிய ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இன்று ஏறக்குறைய 1,60,000 பேர் நெருக்கியடித்து வாழும் ஊர் அது. பெரு நாட்டுக்காரர்கள், பாலஸ்தீனர்கள், வங்காளதேசத்தவர்கள் என்று தெருவுக்குத் தெரு பாஷை மாறும்.

அந்த அருவிக்கு மேலே, பாறை விளிம்பை ஒட்டி, 1932-இல் நகராட்சியே கட்டிய மைதானம் ஹிஞ்ச்லிஃப். பெருமந்தக் காலம், பாதி ஊருக்கு வேலை நிச்சயமில்லை. அப்போது சுமார் 10,000 பேர் உட்காரக் குதிரை லாட வடிவத்தில் கான்கிரீட் கேலரி எழுப்பினார்கள். அப்போதைய மேயரின் பெயரை வைத்தார்கள். எந்தக் கோடீஸ்வர முதலாளியின் அணிக்காகவும் கட்டியதல்ல, ஊர்ப் பிள்ளைகள் விளையாடவும் ஆலைத் தொழிலாளி சாயங்காலம் வந்து உட்காரவும் கட்டியது. அடுத்த வருடமே நியூயார்க் பிளாக் யாங்கீஸ் என்ற கறுப்பர் அணி அங்கே ஆட ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்ற இரண்டு பெரிய லீக்குகளில் கறுப்பர்களுக்கு இடம் கிடையாது, அவர்களுக்கென்று தனி லீக்குகள். ஜாஷ் கிப்சன், மான்டி இர்வின் மாதிரி ஆட்கள் அந்தப் புல்லில் ஆடியிருக்கிறார்கள். அதே ஊர் ஈஸ்ட்சைடு பள்ளியில் படித்த லாரி டோபி, பள்ளி அணிக்காக அங்கே ஆடினான். 1942-இல் நியூவர்க் ஈகிள்ஸ் என்ற கறுப்பர் லீக் அணிக்குத் தேர்வு ஆட்டமும் அங்கேயேதான். 1947 ஜூலை 5 அன்று கிளீவ்லாந்து அணியில் இறங்கி, அமெரிக்கன் லீக்கின் முதல் கறுப்பின ஆட்டக்காரர் ஆனார். ஜாக்கி ராபின்சன் நேஷனல் லீக்கில் முதல் கறுப்பராக இறங்கி 11 வாரம் கழித்து. ராபின்சன் பெயர் உலகத்துக்கே தெரியும், டோபி பெயர் பேட்டர்சன்காரனுக்குத்தான் தெரியும். அந்த ஊர்க்காரர்கள் இந்த மைதானத்தை ஏன் விடவில்லை என்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது.

பேஸ்பால் மட்டுமில்லை. குட்டிக் கார் பந்தயம், குத்துச்சண்டை, நன்றி நாளன்று ஈஸ்ட்சைடும் சென்ட்ரலும் மோதும் பள்ளி அமெரிக்கக் கால்பந்து (ஹெல்மெட் போட்டு ஆடுவது) எல்லாம் அங்கேதான். 1963-இல் பள்ளி வாரியம் கைக்கு மாறியது. பள்ளி வாரியத்திடம் ஸ்டேடியம் போனால் என்ன ஆகும்? வகுப்பறைக் கூரையா கேலரியா என்று வந்தால் கூரைதான் ஜெயிக்கும், ஜெயிக்கவும் வேண்டும். 1991-இல் அந்தப் பள்ளிகளையே மாநில அரசு தன் நிர்வாகத்துக்கு எடுத்துக்கொண்டது. 1997-இல் ஸ்டேடியத்தைப் பூட்டினார்கள். அப்புறம் மரம் முளைத்தது, சுவரெல்லாம் ஸ்பிரே பெயின்ட். ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து விடாமல் அலைந்ததில் 2004-இல் தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் ஏறியது. 2013-இல் தேசிய வரலாற்றுச் சின்னம். 2014-இல் பக்கத்து அருவிப் பூங்காவின் எல்லைக்குள் சட்டப்படி சேர்த்தார்கள். வேலை 2021-இல்தான் தொடங்கியது, 2023 மே மாதம் திறந்தார்கள். பதிவேட்டில் பெயர் ஏறியதற்கும் முதல் கடப்பாரை விழுந்ததற்கும் நடுவே 17 வருடம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

இப்போது கட்டடம் தேறுமா என்ற கேள்வி. 1932 கான்கிரீட் என்றதும் என் மாதிரி ஆளுக்கு முதலில் தோன்றுவது பனி. கான்கிரீட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் தண்ணீர் ஏறும். குளிர்காலத்தில் அது உறைந்து விரியும், பகலில் இளகும், இரவில் மறுபடி உறையும். ஒரு குளிர்காலத்தில் இது பல தடவை நடக்கும். மேல்பரப்பு அப்பளம் மாதிரி உதிர ஆரம்பிக்கும். இன்று குளிர்ப் பிரதேசங்களில் கான்கிரீட் கலக்கும்போதே நுண்ணிய காற்றுக் குமிழிகளை வேண்டுமென்றே சேர்க்கிறோம். உறையும் தண்ணீர் விரிய அந்தக் குமிழிகள் இடம் கொடுக்கும். இந்த வித்தை 1930களின் பிற்பாதியில்தான் தெரியவந்தது, அதுவும் தற்செயலாக. நியூயார்க் மாநிலச் சாலைகள் சில மற்றவற்றைவிட நன்றாகத் தாங்குகின்றனவே என்று தோண்டிப் பார்த்தால், அந்த சிமென்ட்டை அரைக்கும்போது மாட்டுக் கொழுப்பு மாதிரியான பொருள் சேர்ந்திருந்தது, அதனால் கலவையில் குமிழி விட்டிருக்கிறது. ஹிஞ்ச்லிஃப் அதற்கு முந்திப் பிறந்துவிட்டது.

அடுத்தது கம்பி. புதுக் கான்கிரீட் காரத்தன்மை உள்ளது, அந்தக் காரம் இருக்கும்வரை கம்பி துருப்பிடிக்காது. வருடக்கணக்கில் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே ஊர்ந்து ஊர்ந்து காரத்தைக் குறைக்கும். கம்பிவரை வந்துவிட்டால் துரு ஆரம்பம். துரு, அது தின்ற இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். உள்ளேயிருந்து நெட்டித் தள்ளும். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை: புதிதாக உடைத்த பரப்பில் பினால்ப்தலீன் என்ற ரசாயனக் கரைசலைத் தெளித்தால் காரம் உள்ள இடம் ரோஸ் நிறமாகும், காரம் போன இடம் நிறம் மாறாது. அதற்கும் முன்னால் ஒரு சுத்தியல் போதும். நல்ல கான்கிரீட்டைத் தட்டினால் 'டிங்' என்று கணீரென்று கேட்கும், உள்ளே விட்டுப்போன இடம் கீறல் விழுந்த பானையைத் தட்டினமாதிரி 'டொப்' என்னும். என்னோடு வரும் மேஸ்திரி ஒருவர் சுத்தியல்கூட எடுக்கமாட்டார், ஒரு துண்டுக் கம்பியைத் தரையில் இழுத்துக்கொண்டே நடப்பார். சத்தம் மாறிய இடத்தில் நின்று சாக்பீஸால் வட்டம் போடுவார்.

அந்த வட்டங்களைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. 15 வருடம் முன்பு நம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் மைதானத்துக் கேலரியைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். மேஸ்திரி போட்ட வட்டங்கள் மூன்றில் ஒரு பங்கு படிகளை மூடிவிட்டன. ஒரு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. நான் கேட்டது ஆறு மாதம், கிடைத்தது மூன்று வாரம். உடைந்த இடத்தை மட்டும் சிமென்ட் தூக்கலான கெட்டிக் கலவையாகப் பூசி, மேலே பெயின்ட் அடித்து முடித்துவிட்டார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன், அதை இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. இரண்டு மழைக்காலம் கழித்துப் போய்ப் பார்த்தால், பூசின ஒட்டு அப்படியே கல்லாக இருக்கிறது, ஒட்டைச் சுற்றி வளையம் மாதிரி பழைய கான்கிரீட் பிளந்திருக்கிறது. புது ஒட்டுக்குள் இருக்கும் கம்பி பத்திரமாகிவிட, பக்கத்துக் கம்பி அதற்கும் சேர்த்துத் துருப்பிடிக்கும் என்பது எங்கள் தொழிலில் தெரிந்த விஷயம்தான். கம்பிக்குப் பின்னால்வரை செதுக்கி, துருவை வெள்ளிபோலத் தேய்த்து எடுத்து, பழைய கான்கிரீட்டோடு சேர்ந்து சுருங்கி விரியும் கலவையைப் போட்டால்தான் நிற்கும். ரொம்பக் கெட்டியான கலவை பழசின்மேல் உட்காராது.

சரி, ஹிஞ்ச்லிஃபுக்கு வருவோம். "பழசைச் சரிசெய்வதைவிட இடித்துக் கட்டுவது மலிவு" என்பது பொதுவிதி இல்லை, பாதி நேரம் உண்மை, அவ்வளவுதான். பொறியியல் கணக்கில் மட்டும் பார்த்தால் எந்த எலும்பு நன்றாக இருக்கிறது, எவ்வளவு தூரம் துரு ஏறியிருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் இங்கே முடிவைத் தீர்மானித்தது கான்கிரீட் இல்லை, வரிச் சட்டம். அமெரிக்காவில் பதிவேட்டில் ஏறிய, வருமானம் தரும் கட்டடத்தை அரசு வகுத்த தரப்படி புதுப்பித்தால், தகுதியுள்ள செலவில் 20 சதவீதத்தை மத்திய அரசு வரியில் கழித்துக்கொள்ளலாம். இப்போது அதை ஐந்து வருடத்தில் பிரித்துக் கொடுக்கிறார்கள். நகராட்சி வரி கட்டுவதில்லை, எனவே அதனால் நேரடியாக இதை எடுக்க முடியாது. அதனால் நீண்ட காலக் குத்தகைக்குத் தனியார் நிறுவனம் ஒன்று உள்ளே வரும், முதலீட்டாளர் பணம் போட்டு வரிச்சலுகையை வாங்கிக்கொள்வார். ஹிஞ்ச்லிஃபில் இதோடு நியூ ஜெர்சி மாநிலத்தின் வரிச்சலுகையும், குறைந்த வருமானத்தாருக்கு வீடு கட்டினால் கிடைக்கும் மத்திய வரிச்சலுகையும் சேர்ந்துகொண்டன.

இதில்தான் நண்பரின் இரண்டாவது கேள்வி விழுகிறது. "அந்தப் பணத்தை ஜனங்களுக்குக் கொடுத்திருக்கலாமே" என்றால், கொடுப்பதற்கு அந்தப் பணம் ஒரு பெட்டியில் இருக்கவில்லை. பழைய கட்டடத்தை இடித்த நிமிடமே அந்த 20 சதவீதம் காணாமல் போயிருக்கும். மலிவு விலை வீடு கட்டாமல் இருந்தால் அந்தச் சலுகையும் போயிருக்கும். அந்தச் சலுகைகள் நல்ல கொள்கையா என்று வாதாடலாம், அது வேறு வாதம். ஆனால் பேட்டர்சன் மேயர் ஏழைகளுக்கு வைத்திருந்த பணத்தைத் தூக்கி ஸ்டேடியத்தில் போட்டார் என்ற படம் தப்பு. இன்னொன்று, அந்த 10 கோடி டாலரும் கேலரிக்கே போகவில்லை. 75 மூத்த குடிமக்கள் குடியிருப்புகள், 300 கார்களுக்கு மேல் நிற்கும் பார்க்கிங், உணவகத்துக்கும் கண்காட்சிக்கும் இடம் எல்லாம் சேர்ந்த மொத்தம் அது. செய்தித் தலைப்பில் 'ஸ்டேடியம்' மட்டும் வரும்.

மூன்றாவது கேள்விக்கு, வாசித்ததில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: ஸ்டேடியம் தானாக எந்த ஊரையும் பணக்கார ஊர் ஆக்கியதில்லை. ரோஜர் நோல், ஆண்ட்ரூ சிம்பலிஸ்ட் இருவரும் 1997-இல் தொகுத்துக் கொடுத்ததிலிருந்து பொருளாதார ஆய்வாளர்கள் இதில் ஏறக்குறைய ஒரே குரல். காரணமும் சாதாரணமானது. டிக்கெட்டுக்குப் போட்ட 20 டாலரை அந்தக் குடும்பம் இல்லாவிட்டால் சினிமாவிலோ பீட்சா கடையிலோ செலவழித்திருக்கும். பணம் புதிதாகப் பிறப்பதில்லை, பாக்கெட் மாறுகிறது. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் பெரிய லீக் அணிகளுக்குக் கட்டிய பிரம்மாண்டங்களைப் பற்றியவை என்பதையும் சொல்ல வேண்டும். ஹிஞ்ச்லிஃபுக்கு 2023-இல் வந்தது நியூ ஜெர்சி ஜாக்கல்ஸ் என்ற சின்ன லீக் அணி. அந்த லீக்கில் ஒரு பருவத்துக்கு 100-க்குச் சற்றுக் குறைவான ஆட்டங்கள், அதில் பாதி சொந்த மைதானத்தில். மே முதல் செப்டம்பர் வரை 50 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 315 நாள் யார் அந்தக் கேட்டைத் திறப்பது? பேட்டையின் விதி அதில்தான் இருக்கிறது.

இதே கேள்வியை மற்ற மூன்று பழைய மைதானங்களிடம் கேட்டுப் பாருங்கள். கிளீவ்லாந்தின் ஹஃப் பகுதி 1966 கலவரத்தில் எரிந்த பேட்டை. அங்கே 1891-இல் திறந்த லீக் பார்க் மைதானத்தின் மிச்சத்தை 60 லட்சம் டாலருக்கு மேல் போட்டு 2014-இல் திறந்தார்கள். கேலரியை மறுபடி கட்ட முயலவில்லை. பழைய டிக்கெட் கட்டடத்தையும் சுவர் ஒரு துண்டையும் காப்பாற்றி, ஆடுகளத்தை அதே இடத்தில் அதே திசையில் போட்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டார்கள். டெட்ராய்ட்டுக்குள்ளேயே இருக்கும் ஹாம்ட்ராமிக் என்ற சின்ன நகரத்தில் 1930-இல் கட்டிய மைதானம். அங்கேயும் கறுப்பர் லீக் அணிதான், டெட்ராய்ட் ஸ்டார்ஸ். அதன் கேலரியைச் சரிசெய்து 2022-இல் திறந்தார்கள். ஹிஞ்ச்லிஃப் செலவில் மிகச் சின்னப் பங்குதான். ஊரில் வங்காளதேசத்தவர் அதிகம், அதனால் பேஸ்பாலோடு கிரிக்கெட்டுக்கும் இடம் விட்டார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு இது. மைதானத்தின் வரலாறு ஒரு சமூகத்தினுடையது, இன்றைய கால்கள் இன்னொரு சமூகத்தினுடையவை, இரண்டுக்கும் கேட் திறந்திருக்கிறது. மூன்றாவது அலபாமா மாநிலத்து பர்மிங்காமின் ரிக்வுட், 1910-இல் கட்டியது, பின்னாளில் பேஸ்பால் ஜாம்பவானான வில்லி மேஸ் இளம் வயதில் ஆடிய இடம். அணி 1987-இல் வெளியேறிய பிறகு ஊர்க்காரர்கள் 1992-இல் சங்கம் வைத்துக் காப்பாற்றினார்கள். 2024 ஜூனில் பெரிய லீக் ஆட்டமே நடந்தது, மேஸ் இறந்து இரண்டு நாள் கழித்து. கட்டடம் பிழைத்துவிட்டது, சந்தேகமில்லை. அதனால் சுற்றியுள்ள தெருக்கள் மாறிவிட்டன என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது. ஒரு நாள் கூட்டம் ஒரு நாள் கூட்டம்தான்.

ஹிஞ்ச்லிஃபில் எனக்கு நம்பிக்கை தருவது ஜாக்கல்ஸ் அல்ல, அந்த 75 வீடுகள். வரிச்சலுகை வாங்கிய வீடுகளின் வாடகைக் கட்டுப்பாடு குறைந்தது 30 வருடம் ஓடும், எந்த அணி வந்தாலும் போனாலும். ஸ்டேடியத்தைப் பார்த்தபடி 75 ஜன்னலில் விளக்கு எரியும் இடத்தில், ராத்திரி சுவரேறிக் குதிப்பது அவ்வளவு சுலபமில்லை. பள்ளிகள் திரும்பி வந்தது அடுத்தது. நான் போனது அக்டோபரில் ஒரு வார நாள், நாலு மணி இருக்கும். பள்ளிப் பையன்கள் ஹெல்மெட்டோடு ஓடிக்கொண்டிருந்தார்கள், பயிற்சியாளர் கத்துவது எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பிக் கேட்டது. பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர், தான் 70களில் இங்கே ஆடியதாகவும், தன் மகன் ஆட வேண்டிய வயதில் கேட் பூட்டியிருந்ததாகவும் சொன்னார். இப்போது ஓடுவது பேரன். நடுவில் ஒரு தலைமுறைக்கு மைதானமே இல்லை. நான் முன்னே சொன்ன 17 வருடத்தின் விலை அது. எந்தச் செலவுக் கணக்கிலும் அது வராது.

சந்தேகமானவை என்று இரண்டைச் சொல்வேன். ஒன்று, சுற்றியுள்ள வாடகை. பேட்டை கொஞ்சம் நிமிர்ந்ததும் அங்கே கஷ்டகாலத்தில் இருந்தவன் வெளியேற வேண்டிவருவது அமெரிக்க நகரங்களில் பழைய கதை. 75 மூத்த குடிமக்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறது, எதிர்த் தெருவில் வாடகைக்கு இருக்கும் இளம் குடும்பத்துக்கு இல்லை. திறந்து சில வருடமே ஆன ஒரு திட்டத்தை வைத்து இதில் தீர்ப்புச் சொல்கிற யாரையும் நம்பாதீர்கள், ஆதரித்தாலும் சரி, எதிர்த்தாலும் சரி. இரண்டாவது, பராமரிப்பு. இது என் தொழில் என்பதால் இதில் பிடிவாதமாகவே பேசுவேன். புதுப்பித்த 1932 கான்கிரீட்டும் 1932 கான்கிரீட்தான். இணைப்புகளில் அடைத்த ரப்பர் மாதிரியான பொருள் பத்துப் பதினைந்து வருடத்தில் காய்ந்துவிடும், மாற்ற வேண்டும். வடிகால் வாயில் இலை அடைக்கும், வருடா வருடம் எடுக்க வேண்டும். பனி உருகப் போடும் உப்பு கம்பிக்கு விஷம், கேலரியில் போடவே கூடாது. இதெல்லாம் சில்லறை வேலை, ரிப்பன் வெட்ட யாரும் வரமாட்டார்கள். ஸ்டேடியம் 1997-இல் பூட்டப்பட்டது ஒரே நாளில் இடிந்து விழுந்ததால் இல்லை, இந்தச் சில்லறை வேலைகளை வருடக்கணக்கில் தள்ளிப்போட்டதால்.

ஆகவே நண்பரே, இடிக்காமல் விட்டது சரியா என்றால், அந்த வரிச் சட்டத்துக்குள், அந்த ஊருக்கு, சரி என்பேன். அதனால் பேட்டை நிமிரும் என்று யாராவது உறுதி கொடுத்திருந்தால் அது அளவுக்கு மீறிய பேச்சு. நீங்கள் பக்கத்திலேயே இருக்கிறீர்கள், ஒரு தடவை நேரில் பாருங்கள். ஆட்டம் இருக்கும் சனிக்கிழமை வேண்டாம், ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போங்கள். கேட் திறந்திருக்கிறதா, உள்ளே இருப்பது யார் வீட்டுப் பிள்ளைகள் என்று பாருங்கள். அப்புறம் கேலரியின் கடைசிப் படிக்குப் போய், பழைய கான்கிரீட்டும் புது ஒட்டும் சேரும் கோட்டை விரலால் தடவிப் பாருங்கள். மயிரிழை விரிசல் ஏதாவது தெரிந்தால் போட்டோ எடுத்துப் பதிலில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.